யாத்திரை அக்கா சொன்ன பொய்கள்

பொய் சொல்வதில் யாத்திரை அக்காவை மிஞ்சிய ஒருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அரசியல்வாதிகளைச் சேர்க்காமல்தான் சொல்கிறேன். அவர்கள் சொல்வதை யாரும் நம்புவதில்லை. அக்கா சொன்னதைத் தேயிலைத் தோட்டம் தோட்டமாக நம்பினார்கள்.

இலங்கை மலைநாட்டில், அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் அவருக்கு ஒரு சின்ன அறை இருந்தது. வாசலில் தஞ்சைப் பெரிய கோயிலின் படம் போட்ட பேனர். எங்கள் மழைக்கும் மூட்டத்துக்கும் எந்தக் கோபுரம் தாங்கும்? வருஷத்துக்கு ஒருமுறை சாயம் போய்விடும், அக்கா புதிதாக அடித்து மாட்டுவார். தோட்டத்துச் சனங்களைச் சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு யாத்திரை கூட்டிப் போவதுதான் தொழில். மாமல்லபுரம், சிதம்பரம், தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், மதுரை, ராமேஸ்வரம். வேதக்காரக் குடும்பங்கள் சேர்ந்தால் வேளாங்கண்ணியும் உண்டு. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். என் அப்பா மட்டும் தங்கச்சி என்பார். சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

கட்டையான உருவம். மெட்ராஸ் வெயிலிலும் கழற்றாத ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டை. தோளில் ஒரு பை, அதற்குள் ஒரு ஃபிளாஸ்க், இரண்டு எவர்சில்வர் டம்ளர். இந்தியாவில் ஊர்ப்புறத்து டீக்கடை எதிலும் அவர் டீ வாங்கிக் குடித்ததில்லை. கேட்டால், “நம்ம தேத்தண்ணியக் குடிச்ச நாக்குக்கு இந்தப் பால் டீ ஒத்துக்காதுப்பா” என்பார். கூட வந்தவர்கள் பெருமையோடு தலையாட்டுவார்கள். அதுவும் பொய்தான்.

பெரிய கோயிலுக்குள் கால் வைத்தால் அவர் குரலே வேறாகிவிடும். கூலிக்கு வருகிற வழிகாட்டிகளை ஒதுக்கிவிட்டு அவரே சொல்லுவார். எந்த ராசா கட்டினான், எந்த ராசா இடித்தான், யார் சுவரில் சித்திரம் எழுதினான், யார் அதன்மேல் சுண்ணாம்பு பூசினான் என்று ஒரு மூச்சில் வரும். அதில் பாதி சரித்திரம், மீதி அக்கா.

“இந்தாருக்கே, இம்புட்டுப் பெரிய கல்லு. மண்ணக் கொட்டிச் சரிவு கட்டி, தூரத்துல இருந்து இழுத்துக்கிட்டு வந்தாங்களாம். ராசா பேரு சொவத்துல இருக்கு. இழுத்தவன் பேரு எங்க இருக்கு? இங்க வந்து நிக்கிறோமே, நம்ம மூஞ்சியில இருக்கு.”

கூட்டம் உருகிப் போகும். நாற்பது வருஷம் கொழுந்து கூடை சுமந்த பெண்கள் அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வார்.

“நல்லாப் பாருங்க. ஆசை தீரப் பாருங்க. செத்துப்போன ராசா ரொம்ப நல்லவன்.”

எல்லாரும் சிரிப்பார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அவருக்கு ஒரு விதி இருந்தது. கோயில் எத்தனை வேண்டுமானாலும் காட்டுவார், சொந்த ஊரை மட்டும் காட்டமாட்டார். எங்கள் சனத்தின் ஏக்கம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை என்று புரியும். பூட்டன் காலத்தில் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் இந்த மலைக்கு நடந்து வந்தவர்கள் நாங்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் செத்தாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். பார்த்திராத ஊர். கலியாணப் பேச்சில், சாவு வீட்டில், சாமி கும்பிடும்போது அந்தப் பெயரைச் சொல்லாமல் விடமாட்டோம். யாத்திரைக்குப் பெயர் கொடுக்கிற ஒவ்வொருவரும் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, “அப்படியே நம்ம ஊரையும் ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வந்துட்டா...” என்று ஆரம்பிப்பார்கள். அக்காவின் பொய்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் பிறந்தன.

ஒருவருக்குப் பாலம் உடைந்துபோயிருக்கும். ஒருவருக்கு வண்டிக்குப் பெர்மிட் இருக்காது. ஒருவரின் ஊரில் அம்மை போட்டிருக்கும். கொத்மலையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரிடம், “உங்க ஊர டேம் தண்ணி முழுங்கிருச்சுங்க” என்றார். கொத்மலைக்காரரிடம் இந்தப் பொய்யைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அவர் வீட்டுக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கமே ஊர்களை முழுங்கியதுதான். தண்ணீர் வற்றுகிற மாதத்தில் பழைய கோயிலின் தலை வெளியே தெரியும். அதனாலேயே அவர் நம்பினார். நம்பி அழுதார். திரும்பி வந்து ஊருக்குத் திதி கொடுக்கிற மாதிரி நாலு பேருக்குச் சோறு போட்டார். கொஞ்ச நாளில் அவருடைய மருமகன் கைபேசியில் அந்த ஊரைத் தேடி எடுத்து, பஸ் நிற்கிற இடம் முதற்கொண்டு காட்டிவிட்டான். கங்காணி அட்டனுக்கு வந்து மாடிப்படியில் நின்று கத்திய கத்து பஸ் நிலையம் வரை கேட்டது. அக்கா அசையவில்லை.

“தண்ணி இறங்கியிருக்கும்ங்க” என்றார்.

இன்னொரு பொய் இதைவிட மோசம். சாமியைப் புதிய இடத்தில் குடியேற்ற வேண்டுமென்றால் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து பீடத்தின் கீழ் வைக்க வேண்டும். பிடிமண் என்பார்கள். மண் வந்தால்தான் சாமி வந்ததாக அர்த்தம். நோர்வூட்டில் ஒரு அம்மா தன் குலசாமி கோயில் மண்ணைக் கேட்டு அக்காவிடம் ஒரு மஞ்சள் துணி கொடுத்து அனுப்பினார். அக்கா பெரிய கோயில் புல்தரை ஓரத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளி அந்தத் துணியில் முடிந்தார். பக்கத்திலிருந்து பார்த்தவர் எங்கள் லயத்துக்காரர்தான். அந்த அம்மா இன்றும் அந்த மண்ணுக்கு விளக்கு வைக்கிறார். பிள்ளை இல்லாத மகளுக்குப் பிள்ளை பிறந்தது என்கிறார். நான் அப்போது நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஏழைச் சனத்தின் நம்பிக்கையில் இப்படி மண்ணள்ளிப் போடுகிறாளே என்று திட்டினேன்.

இனி அப்பா கதை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடித்து சிமெந்தில் புதிதாகக் கட்டினார்கள். பிடிமண் கொண்டுவர அப்பா முன்வந்தார். வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை என்று அவர் நினைத்தார். காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம்: “நாம இல்லாம நம்ம ஊர்ல தேரு நகராது.” தாத்தா அதைச் சொல்லும்போது முதுகு நிமிர்ந்துவிடுமாம். எங்கள் ஆட்கள் தப்பு அடித்து, அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மன் தேர் நிலையை விட்டுக் கிளம்புமாம். தாத்தாவிடமிருந்து தப்பும் அந்த வாக்கியமும் சேர்ந்தே அப்பாவுக்கு வந்தன.

தப்பு எங்கள் மலையில் சாமான்யமான மேளம் அல்ல. அந்தக் காலத்தில் விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிட்டதே தப்புதான். மாசியில் காமன் கூத்து என்றால் அப்பாவின் தப்பில்தான் மதன் எரிவான், ரதி அழுவாள். திருவிழாவில் டிராக்டரைத் தேராக அலங்கரித்து, அதற்கு முன்னால் அடித்துக்கொண்டே போய், கோயிலுக்குள் நுழைந்து, அம்மனின் படியில் நின்று ஓங்கி ஓர் அடி அடித்து நிறுத்துவார். கொழும்பில் ஒரு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாரம்பரியம், மரபு, அடையாளம் என்று மூன்று பேர் பேசினார்கள். அப்பா அந்தப் பொன்னாடையைப் பெட்டியில் மடித்து வைத்தார், ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ள.

அக்கா எல்லாப் பொய்யையும் சொல்லிப் பார்த்தார். பாலம், பெர்மிட், அம்மை. அப்பா அசையவில்லை. “நீ வராட்டி நான் தனியாப் போறேன் தங்கச்சி. ஸ்ரீரங்கத்துல எறங்கி பஸ் புடிச்சா ஒரு மணி நேரம். விசாரிச்சுட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். அப்பாவின் சீனி வருத்தத்துக்கு மாத்திரை கொடுக்கக் கூடப்போனவள் நான். நான் அப்பா பக்கம்.

ஸ்ரீரங்கத்தில் மற்றவர்களைக் கோயிலுக்குள் அனுப்பிவிட்டு அக்காவே ஒரு கார் பேசினார். வழியெல்லாம் அப்பாவுக்குப் பாடம் நடந்தது. “அண்ணே, எந்தத் தெருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. தாத்தா சின்ன வயசுலயே போயிட்டாரு, ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லுங்க. தேரு, தப்புன்னு ஒரு வார்த்த வாயில வரக்கூடாது. மண்ண எடுத்தமா, கெளம்புனமான்னு இருக்கணும்.”

“நான் எதுக்கு ஒளிக்கணும்?” என்றார் அப்பா. தோளில் பொன்னாடை.

ஊர் அழகாகத்தான் இருந்தது. குளம், வேப்பமரம், ஓரமாகத் தகரக் கொட்டகையில் நிற்கிற தேர். நாங்கள் இறங்கியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். சிலோன்காரர்கள் என்றதும் அப்படியொரு வரவேற்பு. கோயில் பொறுப்பைப் பார்க்கிற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். வீட்டிலிருந்து நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கலர் பாட்டில் வந்தது.

“உக்காருங்கய்யா. எத்தன தலைமுறை ஆச்சு! மண்ண மறக்காம வந்திருக்கீங்களே, அதாங்கய்யா பெருசு. தாத்தா பேரு என்னங்க? எந்தத் தெருவுன்னு சொல்லியிருக்காரா?”

அக்கா முந்திக்கொண்டார். “அதெல்லாம் அவருக்குத் தெரியாதுங்க. சின்ன வயசுலயே...”

“தெருவு தெரியாதுங்க” என்று அப்பா சிரித்தார். “ஆனா ஒண்ணு தெரியும். நாங்க இல்லாம இந்த ஊர்ல தேரு நகராது.”

வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தில் கோபமோ வெறுப்போ வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. காணாமல் போன ஒரு சாமான் அகப்பட்டதுபோல அவர் முகம் மலர்ந்தது.

“அட! அந்தக் குடும்பமா நீ! உங்காளுக ராவோட ராவா ஓடிப்போனப்புறம் தேருக்கு அடிக்க ஆளில்லாம பட்ட பாட்ட எங்க தாத்தா கதகதையாச் சொல்லுவாரு. வேற ஊர்லருந்து ஆள் கூட்டியாந்தோம்ல. இந்த வருசம் அவனுகளும் வரமாட்டேன்னு கிராக்கி பண்றானுக. வந்தது வந்துட்ட, அடுத்த வாரம் தேரு. இருந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போ.”

சொல்லிக்கொண்டே உள்ளே குரல் கொடுத்தார். ஒருவன் ஒரு தப்பைக் கொண்டுவந்து அப்பாவின் காலடியில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை. அப்பா எழுந்து அதை எடுத்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. விரலால் தட்டிப் பார்த்தார், முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படியே கோயில் வாசலைப் பார்த்து இரண்டு அடி வைத்தார்.

“ஏய், ஏய்! அங்க எங்க போற? அந்தா கல்லு இருக்கு பாரு, அதுக்கு அங்கிட்டு. அங்க நின்னு அடிக்கிறதுதான் உங்களுக்கு வழக்கம்.”

கோயிலிலிருந்து தள்ளி, குளத்துப் பக்கம் ஒரு கல் நட்டிருந்தது. தாத்தாவின் வாக்கியத்தில் எல்லாம் உண்மைதான். எங்கள் சத்தம் இல்லாமல் தேர் நகராது. எங்கே நின்று அடித்தோம் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். அல்லது அவருக்கு முன்னால் யாரோ விட்டிருக்கிறார்கள்.

அப்பா தப்போடு நடுவில் நின்றார். கல்லுக்கும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை.

அப்போதுதான் அக்கா போய் அவர் கையிலிருந்து தப்பை வாங்கினார். “அவருக்குத் தப்பே அடிக்கத் தெரியாதுங்க. தேயிலை ஃபேக்டரியில மெசின் பாத்தவரு. கை வேற நடுங்கும். சும்மா பெருமைக்குச் சொல்றாரு.” சிரித்துக்கொண்டே, இவ்வளவும் ஒரே மூச்சில்.

காமன் கூத்தில் மதனை எரித்த கை. கொழும்பில் பொன்னாடை வாங்கிய கை. அதைத்தான் அக்கா அப்படிச் சொன்னார். அப்பா மறுக்கவில்லை.

“அப்ப சரி, போ” என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். “மண்ணு கேட்டீல்ல? கல்லுக்கு அங்கிட்டே அள்ளிக்க. எல்லாம் ஒரே மண்ணுதான்.”

அப்பா குனிந்து அள்ளினார். மஞ்சள் துணியில் நானும் சேர்ந்து முடிந்தேன். கார் கதவைச் சாத்தும்போது வெள்ளைச் சட்டைக்காரர் வீட்டுப் பக்கம் திரும்பி, மழை வருமா என்று கேட்கிற மாதிரியான ஒரு குரலில் சொன்னார்: “அந்தச் சேரக் கழுவி வையி.”

பாதி வழியில் அக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்து அந்த எவர்சில்வர் டம்ளரில் தேத்தண்ணி ஊற்றி அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

“என் வீட்டுக்காரரு கலியாணமான புதுசுல என்னைய அவங்க ஊருக்குக் கூட்டிப் போனாரு அண்ணே. டீக்கடையில அவருக்கு மட்டும் தேங்காச் செரட்டையில ஊத்துனாங்க. இப்பத்தான் பேப்பர் கப்பு வந்திருச்சு, வித்தியாசம் தெரியாது. அவரு அந்தச் செரட்டையக் குடிச்சாரு. குடிச்சிட்டு என்னையப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை... அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் என் முகத்த நேராப் பாக்கல.”

ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டே, “செத்த ராசா எந்தத் தெருன்னு கேக்க மாட்டான்” என்றார்.

எனக்கு அவரைத் திட்டிய வார்த்தைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் அப்போதும் என் ஆத்திரம் அவர்மேல் கொஞ்சம் மிச்சமிருந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று. யாரிடம், எந்த வாயால் சொல்வது என்று இப்போது யோசித்தால் எனக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “என்னாண்ணே, ஊரு எப்படி? மதிச்சாங்களா?”

அப்பா இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். “மதிக்காம? எறங்குன ஒடனே சேரு போட்டாங்க. கலர் ஒடைச்சுக் குடுத்தாங்க. கோயில் தலைவரே ஓடி வந்து, ‘நீங்க ஓடிப்போனப்புறம் பட்ட பாடு கொஞ்சமா, இருந்து தேர நடத்திக் குடுத்துட்டுப் போங்க’ன்னு கையப் புடிச்சிக்கிட்டாரு.”

நான் அக்காவைப் பார்த்தேன். பொய்யின் ராணி ஒரு கணம் திகைத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன். பிறகு சோற்றைப் பிசைந்தபடி, “மாலை கூடப் போட்டாங்க. கார்ல விட்டுட்டு வந்துட்டோம்” என்றார். இரக்கத்தில்தான் சொன்னார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது.

திரும்பும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் மஞ்சள் முடிச்சைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, “மேக்க மொகக்த?” என்று கேட்டார். இது என்ன என்று. மண் கொண்டுவர அனுமதி உண்டா இல்லையா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அவர் யோசிக்கவில்லை. பெரியவருக்கு முட்டி வலி, அரைத்துப் பூசுகிற நாட்டு மருந்து என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னார். அப்பாவின் முட்டியில் ஒரு நோவும் கிடையாது. அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டு அனுப்பினார். ஓர் அம்மன் கல்லுக்கு அங்கிட்டு மண்ணாகக் கிளம்பி முட்டி மருந்தாக இலங்கைக்குள் வந்து இறங்கினாள்.

அந்த மண்ணை மேளதாளத்தோடு பீடத்தின் கீழ் வைத்தார்கள். அப்பாவின் கதை தோட்டத்தை விட்டு இறங்கி நோர்வூட், பொகவந்தலாவை என்று பரவியது. தலைப்பாகை சேர்ந்தது, குடை சேர்ந்தது, வழியில் தண்ணீர் தெளித்தார்கள் என்பதும் சேர்ந்தது. அக்காவின் மாடிப்படியில் கூட்டம். இப்போது யாரும் தலையைச் சொறியவில்லை. “அவர மட்டும் ஊருக்குக் கூட்டிப் போனீங்க. நாங்க என்ன தாழ்ந்தவங்களா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் அக்காவிடம் கேட்டதுதான் வேடிக்கை.

ஒருநாள் அக்கா மழையில் நனைந்துகொண்டு எங்கள் லயத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

“அண்ணே, நானும் காலமெல்லாம் பொய் சொன்னவதான். என் பொய் ஆள இங்கயே நிப்பாட்டுச்சு. நம்ம பொய் ஆள அங்க அனுப்புது. ஒரு குடும்பம் கெளம்பி நிக்குது, வயசுப் பொம்பளப் புள்ளைங்களோட. அவங்ககிட்ட மட்டுமாவது உள்ளதைச் சொல்லிருங்கண்ணே.”

“எந்த உள்ளத?” என்றார் அப்பா. “சேரு போடலயா? கலர் குடுக்கலயா? இருந்து அடிச்சுக் குடுன்னு கேக்கலயா? இதுல எது பொய் தங்கச்சி?”

அக்கா வந்த மழையிலேயே திரும்பி இறங்கிப் போனார். அப்பா சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

அப்பாவுக்குத் தெரியாமல் நான் போய் அந்தக் குடும்பத்திடம் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் புள்ள, மரியாதை ஒங்க குடும்பத்துக்கு மட்டுந்தான் கெடைக்கணுமா?” என்றார். அக்கா மறுத்ததால் கொழும்பில் வேறு ஓர் ஆளைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்து, தங்களுக்கு யானை வரவேற்பு என்றார்கள். அந்த வீட்டுக்காரரும் அப்பாவும் அட்டன் சந்தையில் சந்தித்துக்கொண்டதை நான் பார்த்தேன். “எங்களுக்கும் அப்படித்தான்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை.

அக்கா பேனரைக் கழற்றினார். ஊரைக் காட்டாத யாத்திரைக்கு அதன் பிறகு ஆள் சேரவில்லை. அந்தச் சின்ன அறையில் இப்போது கைபேசி பழுது பார்க்கிறார்கள்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது புதுக் கோயிலின் முதல் தேர்த் திருவிழாவில். அப்பா தப்போடு டிராக்டருக்கு முன்னால் அடித்துக்கொண்டு வந்தார். என்ன அடி! இருபது வருஷத்தில் அப்படி ஓர் அடியை நான் கேட்டதில்லை. குறுக்குத் தெருவெல்லாம் சுற்றி, சனமெல்லாம் ஆடி, தேர் கோயிலுக்குத் திரும்பியது. அப்பா அடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். வாசலில் நின்றுவிட்டார்.

கூட்டம் அவர் உள்ளே போகக் காத்திருந்தது. வழக்கம்போல அம்மன் படியில் நின்று அந்தக் கடைசி அடியை அடித்தால்தான் திரை விலகும். பூசாரி உள்ளேயிருந்து கைகாட்டினார். அப்பா நிலைப்படியைப் பார்த்தார், பின்னுக்கு நகர்ந்தார். தாய்நாட்டில் அவரைத் தடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இங்கே யாரும் தேவைப்படவில்லை.

“உள்ள வாங்கண்ணே!” என்று எல்லாரும் கத்தினார்கள்.

“இங்க இருந்து அடிச்சாப் போதும்ப்பா” என்றார்.

ஏன், என்ன என்று சத்தம் எழுந்தது. அப்பாவின் முகம் உடையப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒருவர் “ஏன்” என்று கேட்டால் போதும், மாலை, தலைப்பாகை, குடை எல்லாம் அந்த இடத்திலேயே சரிந்துவிடும். அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அந்தப் பழுப்புக் கம்பளிச் சட்டை வந்தது.

“அண்ணனுக்கு முட்டி வலிங்க! படி ஏற முடியல. எத்தன நாளா அவஸ்தைப்படுறாரு, ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு சேரக் கொண்டாங்கப்பா!”

உடனே எல்லாருக்கும் பாவமாகிவிட்டது. யாரோ ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து வாசலுக்கு வெளியே போட்டார்கள். அப்பா அதில் உட்கார்ந்து கடைசி அடியை அடித்தார். உள்ளே திரை விலகியது. அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். நான் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

அடுத்த வருஷத்துக்குள் அக்கா செத்துப்போனார். அதற்கு அடுத்த வருஷம் அப்பா. சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்துதான் அடித்தார்.

இப்போது தப்பு அடிக்கிறவன் என் சித்தப்பா மகன். கலியாணமாகி ஒரு பிள்ளை இருக்கிறது, வாரக் கடைசியில் கைப்பந்து ஆடுகிறான், முட்டியில் ஒரு குறையும் இல்லை. போன திருவிழாவில் அவன் அடித்துக்கொண்டு வந்தபோதும் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். ஏன் என்று கோயில் கமிட்டியில் கேட்டேன்.

“தப்பு அடிக்கிறவங்க வெளியில ஒக்காந்து அடிக்கிறதுதானேம்மா நம்ம கோயில் வழக்கம்?” என்றார்கள்.